விற்பனையாளரின் மனச்சாட்சி

வாணிகத்துக்குரிய அறநெறிகள் தமிழிலே பழையன. நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே வள்ளுவர், பிறருடைய பொருளையும் தம்முடைய பொருள்போலக் கருதிப் பேணுவதையே வணிகருக்கு உரிய வாணிகமாக வகுத்துக் கூறினார். பட்டினப்பாலையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்ற வந்தவிடத்து, அவர்களுடைய செல்வத்தோடு, அளவிலும் விலையிலும் அவர்கள் காத்த நேர்மையையும் சேர்த்தே போற்றினார்.

ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. இந்த அறிவுரைகள் யாவும் கடைக்கு உடையவனை நோக்கிக் கூறப்பட்டவை. பண்டம் அவனுடையது, விலையைக் குறிப்பவன் அவன், ஏமாற்றினாலும் ஏமாற்றாது விட்டாலும் அதன் விளைவைத் தாங்குபவனும் அவனே. ஆகையால் அவனிடம் அறம் பேசுவது எளிது. இன்றைய உலகிலோ வேறொருவன் தோன்றியிருக்கின்றான். பண்டம் அவனுடையதன்று, விலையும் அவன் குறித்ததன்று, வாங்க வருபவரும் அவனுக்கு முன்பின் தெரியாதவர். இவற்றுக்கு நடுவே நின்று, தன் நாவினால் மாதச் சம்பளம் சம்பாதிக்கின்றான் அவன். அவனே விற்பனையாளன். அவனுக்கென்று தனியாக ஓர் அறநூலை எவரும் எழுதி வைக்கவில்லை.

அவனுடைய சங்கடங்களுட் பல மிகச் சிறியவை. புடைவைக் கடையிலே ஒரு பெண்மணி சேலை ஒன்றை விரித்துப் பார்க்கிறாள். அதன் சாயம் இரண்டாம் சலவையில் வெளிறிவிடும் என்பது விற்பவனுக்குத் தெரியும். அவள் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவதென்று அவன் உள்ளத்திலே தீர்மானித்துக்கொள்கிறான். அவளோ கேட்கவில்லை. விலையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். அவன் பொய் சொன்னானா? ஒரு சொல்லும் பொய்யாகச் சொல்லவில்லை. எனினும் மாலையில் கடையைப் பூட்டும்போது அந்தச் சேலை அவன் நினைவுக்கு வரத்தான் செய்யும். ஆயுட் காப்புறுதிப் பத்திரத்தின் சிறிய எழுத்துகளை வாசித்துக் காட்டாது விட்ட முகவருக்கும், தம் கம்பனியின் மருந்தைப் புகழ்ந்துவிட்டு அதன் பக்க விளைவைப் பற்றி வாய்திறவாது வந்த மருந்துப் பிரதிநிதிக்கும் இதே நினைவு வருவதுண்டு. இத்தகைய சங்கடங்களை ஒருவர் தம் மனச்சாட்சியோடு வழக்காடித் தாமே தீர்த்துக்கொள்ளலாம். நாளைக்கு வேறு விதமாக நடப்பதற்கும் அவருக்கு இடம் இருக்கிறது.

அந்த இடமே இல்லாது போகும்போதுதான் நிலைமை பாரதூரமாகிறது. விற்பவனுடைய தலைக்கு மேலே ஓர் எண்ணை எழுதி வைத்து, இதை இன்று எட்டாவிட்டால் நாளைக்கு உனக்கு இங்கே வேலையில்லை என்று நிறுவனம் கூறிவிடுமாயின், அவனுடைய மனச்சாட்சி என்ன செய்யும்? இக்கேள்விக்குக் கற்பனையாக விடைகூற வேண்டியதில்லை. அமெரிக்காவிலே, ஒரு பெரிய வங்கியின் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இக்கேள்விக்கு நாள்தோறும் விடையளித்து வந்தார்கள். அந்த விடைகள் விசாரணை அறிக்கைகளிலும் நீதிமன்றப் பத்திரங்களிலும் பதிவாகியிருக்கின்றன.

வெல்ஸ் பார்கோ என்பது அந்த வங்கியின் பெயர். கலிபோர்னியாவிலே பொன் தேடி மக்கள் குவிந்த காலத்தில், 1852ஆம் ஆண்டில், ஹென்றி வெல்ஸ், வில்லியம் பார்கோ என்னும் இருவர் தொடங்கிய நிறுவனம் அது. பொன்னையும் கடிதங்களையும் குதிரை வண்டிகளில் ஏற்றிப் பாதுகாப்பாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் ஆதித் தொழில்களுள் ஒன்று. பிறர் பொருளைத் தம் பொருள்போலப் பேணும் தொழில் என்று அதைச் சொல்லலாம். அந்தக் குதிரை வண்டியே நீண்ட காலம் வங்கியின் சின்னமாக விளங்கிற்று.

1998ஆம் ஆண்டில் மினியாபொலிஸ் நகரத்து நோர்வெஸ்ட் வங்கி இதனுடன் இணைந்தது. புதிய வங்கிக்குப் பழைய வெல்ஸ் பார்கோவின் பெயரே நிலைத்தது. ஆனால் தலைமையும் நடைமுறையும் நோர்வெஸ்டிலிருந்து வந்தன. அதன் தலைவராயிருந்த ரிச்சர்ட் கோவசெவிச், வங்கித் தொழிலும் ஒரு சில்லறை வியாபாரமே என்ற கருத்துடையவர். ஆகவே, கிளைகளைக் கிளைகள் என்று சொல்லும் வழக்கம் கைவிடப்பட்டு, அவை கடைகள் என்றே அழைக்கப்பட்டன. சொல் மாறினால் செயலும் மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வங்கிக்குள் வருபவர் தம் பணத்தைக் காக்கும்படி ஒப்படைக்க வருகிறார். கடைக்குள் வருபவரோ எதையாவது வாங்காமல் திரும்பக்கூடாதவர்.

ஒரு வாடிக்கையாளரிடம் ஒரு கணக்கு மாத்திரம் இருந்தால் அவர் எளிதில் வேறு வங்கிக்குப் போய்விடுவார். சேமிப்புக் கணக்கு, நடைமுறைக் கணக்கு, கடனட்டை, வீட்டுக் கடன், காப்புறுதி என்று பல கயிறுகளால் கட்டிவிட்டால் அவர் அசையமாட்டார். இதுவே அந்த வங்கியின் சித்தாந்தம். ஒரு குடும்பத்துக்கு எட்டுப் பொருள்களை விற்கவேண்டும் என்பது குறிக்கோளாயிற்று. ஏன் எட்டு? ஆங்கிலத்தில் எட்டைக் குறிக்கும் சொல்லும் மேன்மையைக் குறிக்கும் சொல்லும் ஒன்றுக்கொன்று இயைந்து ஒலிக்கின்றன. சுலோகத்துக்கு அது வசதியாயிருந்தது. அதற்கு மேலான பொருளாதார விளக்கம் எதுவும் அதற்குத் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. தமிழிலே எட்டு என்ற சொல்லுக்கு எட்டிப் பிடித்தல் என்ற பொருளும் உண்டு. இந்த எட்டோ எட்டவே இல்லை. வங்கி தன் பங்குதாரருக்குப் பெருமையுடன் அறிவித்துவந்த சராசரி ஆறைச் சற்றுத் தாண்டியதோடு நின்றுவிட்டது.

இனி, அந்தக் கடைகளுள் ஒன்றிலே கருமபீடத்தின் பின்னால் நிற்கும் ஓர் இளம் ஊழியரை நேயர்கள் மனத்திலே இருத்திக்கொள்வார்களாக. அவருடைய பெயர் எதுவாயினும் ஆகுக. அவரைப் போன்றோர் பல்லாயிரவர். பொழுது விடிந்தால் அவருக்கு ஓர் எண் காத்திருக்கிறது. இன்று இத்தனை கணக்குகள், இத்தனை அட்டைகள். எத்தனை ஆயிற்று என்று பகலிலேயே மேலிடம் கேட்கிறது. பிரதேசங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, முதலிடம் யாருக்கு, கடையிடம் யாருக்கு என்று வரிசைப்படுத்திய பட்டியல்கள் சுற்றுக்கு விடப்படுகின்றன. பட்டியலின் அடியிலே நிற்கும் அதிகாரி தம் கீழுள்ளவரை உலுப்புகிறார். அவர் தமக்குக் கீழுள்ளவரை உலுப்புகிறார். கருமபீடத்து ஊழியருக்குக் கீழே உலுப்புவதற்கு எவரும் இல்லை. அவருக்கு எதிரே வாடிக்கையாளர் மாத்திரமே நிற்கிறார்.

இந்த எண்கள் எவ்வாறு வகுக்கப்பட்டன என்பது பின்னர் வெளிவந்தது. 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் வங்கியின் சுயாதீனப் பணிப்பாளர்கள் ஒரு நீண்ட அறிக்கையை வெளியிட்டார்கள். வங்கியின் விற்பனைத் திட்டங்கள், பிரதேசங்களுட் பாதி மாத்திரமே அவற்றை நிறைவேற்றக்கூடும் என்ற எதிர்பார்ப்புடனேயே தீட்டப்பட்டன என்றும், உள்ளேயிருந்தவர்கள் அவற்றை ஐம்பதுக்கு ஐம்பது திட்டம் என்று குறிப்பிட்டார்கள் என்றும் அந்த அறிக்கை கூறுகிறது. பரீட்சைத் தாளைத் தயாரிக்கும்போதே, வகுப்பில் அரைவாசிப் பேர் சித்தியடையக்கூடாது என்று தீர்மானித்துவிட்டு, சித்தியடையாதவரைச் சோம்பேறி என்று ஏசும் ஆசிரியரை எப்படி அழைப்பது? அதற்குரிய பெயரை நேயர்களே இட்டுக்கொள்ளலாம்.

அந்த இளம் ஊழியர் முதல் நாளிலேயே களவு செய்யவில்லை. அவர் முதலிலே தம் வீட்டாரிடம் போனார். சனவரி மாதந்தோறும் வங்கி ஒரு விற்பனை இயக்கத்தை நடத்தியது. 2003ஆம் ஆண்டில் தொடங்கிய இந்த இயக்கத்தின்போது நாளாந்த இலக்குகள் வழமையிலும் உயர்த்தப்பட்டன. நண்பர், உறவினர் பெயர்களைப் பட்டியலிட்டு அவர்களிடம் விற்கும்படி ஊழியர் ஊக்கப்படுத்தப்பட்டார்கள். மகனுடைய வேலை நிலைக்கட்டும் என்று தாய் ஒரு கணக்குத் திறப்பாள். மைத்துனன் முகத்துக்காக ஒரு கடனட்டைக்குக் கையொப்பமிடுவான். இதில் என்ன பிழை? சட்டத்தின்படி ஒன்றுமில்லை. ஆனால் வேண்டாத பொருளை ஒருவர் தலையில் கட்டலாம் என்ற முதற் பாடத்தை அவர் அன்பானவர்களிடமே கற்றுக்கொண்டார். பணிப்பாளர் அறிக்கையிலே ஒரு கிளை முகாமையாளரைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அவருடைய பதின்ம வயது மகளின் பெயரில் 24 கணக்குகள், வயது வந்த மற்றொரு மகளுக்கு 18, கணவருக்கு 21, சகோதரருக்கு 14, தந்தைக்கு 4. ஐந்து பேருக்கு 81 கணக்குகள்! இத்தனை கணக்குகளில் இடுவதற்கு அக்குடும்பத்தில் பணம் இருந்ததா என்று எவரும் கேட்டிருந்தால் உண்மை அன்றே வெளிப்பட்டிருக்கும். கேட்கவேண்டியவர்கள் எண்ணிக்கையைக் கண்டு மகிழ்ந்துகொண்டிருந்தார்கள்.

உறவினர் பட்டியல் விரைவில் தீர்ந்துவிடும். அடுத்த படி, வாடிக்கையாளரிடம் அரைகுறையாகச் சொல்லி ஒப்புதல் பெறுவது. இது இல்லாமல் அது கிடைக்காது. பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் மூடிவிடலாம் என்பன போன்ற வார்த்தைகள் அதற்கு உதவின. அதற்கும் அடுத்த படியிலே ஒப்புதலே தேவைப்படவில்லை. வாடிக்கையாளர் அறியாமலே அவர் பெயரில் இன்னொரு கணக்கைத் திறந்து, அவருடைய பழைய கணக்கிலிருந்து சிறிது பணத்தைப் புதியதற்கு மாற்றி, அது இயங்கும் கணக்குப்போலத் தோன்றச் செய்தார்கள். கேட்காத அட்டையை வழங்கி, அதற்குரிய இரகசிய இலக்கத்தையும் தாமே இட்டார்கள். வாடிக்கையாளருக்கு அறிவித்தல் போய்ச் சேராதிருக்கும்படி பொய்யான மின்னஞ்சல் முகவரிகளைப் பதிந்தார்கள். இறுதிப் படியிலே செய்யப்பட்டது போலி ஆவணம் தயாரிக்கும் குற்றமாகும். அதற்கு வேறு பெயர் சூட்டுவது முறையாகாது. ஆனால் முதற் படிக்கும் இறுதிப் படிக்கும் இடையே, இங்கே நில் என்று ஊழியரைத் தடுத்து நிறுத்தும் மதில் எதுவும் இருக்கவில்லை. ஒவ்வொரு படியும் முந்தியதைவிடச் சிறிதளவே தாழ்ந்திருந்தது.

அவர் ஏன் வேலையை விட்டு விலகவில்லை என்று கேட்கத் தோன்றும். இக்கேள்வியைச் சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு கேட்பது எளிது. அமெரிக்காவில் வேலையற்றோர் தொகை 2009ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் நூற்றுக்குப் பத்து என்ற அளவை எட்டியது. அந்நாட்டிலே பெரும்பாலான உழைப்பாளர் குடும்பங்களின் மருத்துவக் காப்புறுதியும் வேலையோடு சேர்ந்தே வருவது. வேலை போனால் பிள்ளையின் வைத்தியமும் போய்விடும் என்ற அச்சம் வெறுங்கற்பனையன்று. வீட்டு வாடகை ஒரு பக்கம். மறுபக்கத்திலே, தாம் அறியாத ஒருவருடைய கணக்கேட்டில் ஒரு வரி. அந்த வரியினால் அவருக்குப் பெரும் நட்டம் எதுவும் வராது என்று ஊழியர் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார்.

அது உண்மையா? சிலருக்கு நட்டம் வந்தது. தாம் திறவாத கணக்குக்குச் சேவைக் கட்டணம் அறவிடப்பட்டது. பழைய கணக்கிலிருந்து பணம் நகர்த்தப்பட்டதால், அங்கே போதிய மீதியில்லாமல் மேலதிகப்பற்றுக் கட்டணமும் விழுந்தது. கேட்காத கடனட்டை சிலருடைய கடன் தகுதியைப் பாதித்தது. 2016ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, சுமார் 85,000 வைப்புக் கணக்குகளில் ஏறத்தாழ 20 இலட்சம் டொலரும், சுமார் 14,000 கடனட்டைகளில் நான்கு இலட்சம் டொலருக்கு மேலும் கட்டணமாக அறவிடப்பட்டிருந்தன. பெரிய வங்கிக்கு இது சில்லறைக் காசு. அப்படியானால் இவ்வளவு பாடும் எதற்காக? குடும்பத்துக்கு இத்தனை பொருள்கள் என்ற அந்த எண் உயர்ந்தபோது பங்குச் சந்தை மகிழ்ந்தது. பங்குகளை ஊதியமாகப் பெற்ற தலைவர்களும் மகிழ்ந்தார்கள். கருமபீடத்திலே விற்கப்பட்ட பொருள் ஒன்று. உச்சியிலே விற்கப்பட்ட பொருள் வேறொன்று.

எல்லாரும் பணிந்துவிட்டார்கள் என்று கருதலாகாது. மறுத்தவர்களும் இருந்தார்கள், அவர்களுடைய நிலையே இந்த வரலாற்றில் மிகவும் சிந்திக்கத்தக்கது. ஒரே கிளையில் இருவர் அடுத்தடுத்து வேலை செய்கிறார்கள். ஒருவர் வாடிக்கையாளர் கேட்டதை மாத்திரம் கொடுக்கிறார். மற்றவர் கேட்காததையும் எழுதிக்கொள்கிறார். மாத முடிவிலே இரண்டாமவருக்குப் பாராட்டு; முதலாமவருக்கு எச்சரிக்கை. இரண்டாமவருடைய பொய்க் கணக்குகளே அடுத்த மாதத்து இலக்கை நியாயமானதாகக் காட்டுகின்றன. அவரால் முடிகிறதே, உன்னால் ஏன் முடியவில்லை என்று முகாமையாளர் கேட்கும்போது முதலாமவர் என்ன விடை சொல்வார்? உண்மையைச் சொன்னால் தோழரைக் காட்டிக்கொடுத்தவராவார். சொல்லாவிட்டால் திறமையற்றவராவார். நேர்மையாக உழைத்தும் இலக்கை எட்டாமையினால் பதவி நீக்கப்பட்டோம், தரங்குறைக்கப்பட்டோம் என்று முறையிட்டு, 2016இல் முன்னாள் ஊழியர் சிலர் கலிபோர்னியாவிலே கூட்டு வழக்குத் தொடுத்தார்கள்.

சிலர் உண்மையைச் சொல்லவும் துணிந்தார்கள். முறைகேடுகளை அறிவிப்பதற்கென்று வங்கியே ஒரு தொலைபேசி இலக்கத்தை வைத்திருந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் முகாமையாளராயிருந்த ஒருவர், தமக்குக் கீழே நடந்தவை மோசடி என்று ஐயுற்று மேலதிகாரிகளுக்கும் அந்த இலக்கத்துக்கும் அறிவித்தார். 2010இல் அவர் பதவி இழந்தார். அமெரிக்கத் தொழில் திணைக்களத்தின் ஒரு பிரிவு இதனை ஆராய்ந்து, அவரை மீண்டும் வேலையில் அமர்த்துமாறும், சம்பள நிலுவை, நட்டஈடு முதலியவற்றுக்காக 54 இலட்சம் டொலர் கொடுக்குமாறும் வங்கிக்கு உத்தரவிட்டது. உத்தரவு பிறந்தது 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில். உண்மை சொன்ன ஒருவர் நியாயத்துக்காக ஏழு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அந்த ஏழு ஆண்டுகளிலும் அவரைக் கண்ட சக ஊழியர் எதைக் கற்றுக்கொண்டிருப்பார்கள் என்பதை விளக்கவேண்டியதில்லை.

மேலிடத்துக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்வதற்கும் இடமில்லை. 2002ஆம் ஆண்டிலேயே கொலராடோ மாநிலத்துக் கிளை ஒன்றில் ஏறக்குறைய அனைவருமே இத்தகைய முறைகேட்டில் ஈடுபட்டமை கண்டுபிடிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டில் வங்கியின் உள்ளக விசாரணையாளர்கள் ஒரு குறிப்பு எழுதினார்கள். 2000ஆம் ஆண்டில் 63 ஆக இருந்த முறைகேடுகள் 2004இல் 680 வரை உயரும் என்று அதில் கணக்கிட்டார்கள். ஏமாற்றாமல் இலக்கை அடைய இயலாது என்று ஊழியர் உணர்வதே இதற்குக் காரணம் என்றும் தெளிவாகக் காட்டினார்கள். இலக்கைக் குறைக்க வேண்டும் என்பதே அந்தக் குறிப்பிலிருந்து பெறத்தக்க முடிவு. வங்கியோ பிடிபட்டவர்களை நீக்கிவிட்டு இலக்கை அப்படியே வைத்துக்கொண்டது. பணிப்பாளர் அறிக்கையின்படி, முறைகேட்டுப் புகார்கள் 2007 முதல் ஏறிச்சென்று, 2013ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டிலே உச்சத்தை அடைந்து, பின்னர் இலக்குகள் தளர்த்தப்பட்டபோது தாமும் தணிந்தன. மனிதர்களுடைய ஒழுக்கம் காலாண்டுக்குக் காலாண்டு கெட்டும் திருந்தியும் வருவதில்லை. மாறியது எண் ஒன்றே.

2013ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லொஸ் ஏஞ்சல்ஸ் ரைம்ஸ் பத்திரிகை, அப்பகுதியில் சுமார் முப்பது ஊழியர்கள் நீக்கப்பட்ட செய்தியை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து அதன் நிருபர் பல ஊழியரை விசாரித்து, திசெம்பரில் நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். 2015 மே மாதத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரச் சட்டத்தரணி வங்கிமீது வழக்குத் தொடுத்தார். 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் திகதி, நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகமும் மற்ற அதிகாரிகளும் வங்கிக்கு 185 மில்லியன் டொலர் தண்டம் விதித்தமை பகிரங்கமாயிற்று. ஒப்புதலின்றித் திறக்கப்பட்டிருக்கக்கூடிய வைப்புக் கணக்குகள் 15 இலட்சத்துக்கு மேல் என்றும், கடனட்டைகள் ஐந்து இலட்சத்து அறுபத்தையாயிரம் அளவில் என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே, அதிக காலத்தை எடுத்து ஆராய்ந்தபோது அந்தத் தொகை 35 இலட்சம் வரை உயர்ந்தது. ஐந்து ஆண்டுகளில் சுமார் 5,300 ஊழியர் இக்காரணத்துக்காக நீக்கப்பட்டார்கள் என்ற செய்தியும் உடன் வந்தது.

ஐயாயிரத்து முந்நூறு! ஐந்து பேர் தவறு செய்தால் அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிடலாம். ஐம்பது பேரானால் தெரிவில் ஏதோ கவனக்குறைவு எனலாம். ஐயாயிரம் பேரை ஒரே வகையான தவற்றில் விழச்செய்தது அவர்கள் நடந்த வழியே அல்லவா? அந்த மாதம் 20ஆம் திகதி வங்கியின் தலைவர் ஜோன் ஸ்டம்ப் அமெரிக்க செனட் சபையின் குழு முன்னிலையில் கேள்விகளுக்கு விடையளித்தார். நீக்கப்பட்டவர்களுட் பெரும்பாலோர் கீழ்நிலை ஊழியர் என்பது அங்கே பெரிதும் பேசப்பட்டது. ஒக்ரோபர் 12ஆம் திகதி அவர் பதவி விலகினார்.

இவ்விடத்தில் ஒரு நியாயத்தை மறந்துவிடலாகாது. நெருக்குதல் இருந்தது என்பதற்காகப் பொய்க் கையொப்பம் குற்றமில்லாமற் போய்விடாது. எழுத்தறிவு குறைந்த முதியவர் ஒருவரோ, ஆங்கிலம் நன்கு அறியாத குடியேறியவர் ஒருவரோ தம் பணத்தை நம்பிக் கொடுத்தபோது, அவரை ஏமாற்றிய கை கருமபீடத்து ஊழியரின் கையே. அந்தக் கைக்குப் பின்னால் எத்தனை கைகள் இருந்தாலும், ஏமாந்தவருக்குத் தெரிந்த முகம் அந்த ஒன்றுதான். அதே நெருக்குதலின் கீழ் மறுத்தவர்களும் இருந்தார்கள் என்பதே, மறுத்தல் இயலாததன்று என்பதற்குச் சான்று. ஆனால் மறுப்பின் விலை ஒருவருக்கு மாதச் சம்பளம் முழுவதுமாகவும், அந்த மறுப்பை அவசியமாக்கியவருக்கு ஒன்றுமே இல்லாததாகவும் அமைந்த ஒழுங்கை நேர்மையான ஒழுங்கு என்று எவரும் கூறார். வீரர்கள் மாத்திரமே நேர்மையாக இருக்கக்கூடிய தொழிலகத்தில் சாதாரண மனிதர் என்ன செய்வார்கள்? சாதாரண மனிதரும் நேர்மையாக இருந்து பிழைக்கக்கூடியதாகத் தொழிலை அமைப்பதன்றோ முதலாளியின் கடமை?

வேறொரு கொடுமையும் உண்டு. அமெரிக்காவிலே பங்கு, பிணையங்களை விற்க உரிமம் பெற்ற ஊழியர் ஒருவர் விலகும்போது, அவர் விலகிய காரணத்தை நிறுவனம் ஒரு படிவத்தில் எழுதிப் பதிவுசெய்தல் வேண்டும். அடுத்து வேலை கொடுக்கவிருப்பவர் அதைப் பார்த்தே தீர்மானிப்பார். முறைகேட்டை எடுத்துரைத்ததற்குப் பழியாகத் தம் படிவத்திலே களங்கம் எழுதப்பட்டது என்றும், வேறு வங்கிகளில் வேலை கிடைக்காது போயிற்று என்றும் முன்னாள் ஊழியர் சிலர் கூறினார்கள். 2016ஆம் ஆண்டின் இறுதியில் செனட் சபை உறுப்பினர் சிலர் இதுபற்றி வங்கியிடம் விளக்கம் கோரினார்கள்.

பின்னர் நடந்தவை வேகமானவை. ஸ்டம்பும், சில்லறை வங்கிப் பிரிவின் தலைவியாயிருந்த கெரி டோல்ஸ்டெட்டும் தாம் பெற்றதும் பெறவிருந்ததுமான ஊதியத்தில் கோடிக்கணக்கான டொலர்களை இழந்தார்கள். 2018 பெப்ரவரியில் அமெரிக்க மத்திய வங்கியாகிய பெடரல் றிசேர்வ், வெல்ஸ் பார்கோ தன் சொத்தின் அளவை மேலும் பெருக்கலாகாது என்று கட்டுப்பாடு விதித்தது. அக்கட்டுப்பாடு 2025 யூன் மாதத்திலேதான் நீக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு சனவரியில் ஸ்டம்புக்கு 175 இலட்சம் டொலர் தண்டமும் வங்கித் தொழிலில் ஈடுபட ஆயுட்காலத் தடையும் விதிக்கப்பட்டன. அடுத்த மாதம், 2002 முதல் 2016 வரை நடந்தவற்றுக்காக வங்கி மூன்று பில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது. டோல்ஸ்டெட், வங்கிப் பரிசோதனைக்கு இடையூறு செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2023 செப்டெம்பரில் அவருக்குக் கிடைத்த தண்டனை, மூன்று ஆண்டுகள் நன்னடத்தைக் கண்காணிப்பும், அதில் ஆறு மாத வீட்டுக் காவலும், ஓர் இலட்சம் டொலர் தண்டமுமாம்.

கருமபீடத்திலே விற்பனை இலக்குகள் 2016ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாம் திகதி முதல் நீக்கப்பட்டன. அந்தத் திகதியை முதலில் வங்கி அடுத்த ஆண்டு சனவரி முதலாம் நாள் என்றே குறித்திருந்தது. பகிரங்கக் கண்டனம் எழுந்த பின்னர் மூன்று மாதம் முன்னுக்குக் கொண்டுவந்தது. மூன்று மாதத்தை முன்னுக்குக் கொண்டுவருவதற்கு ஒரு கடிதமே போதுமானதாயிருந்தது. 2004ஆம் ஆண்டு விசாரணையாளர் தம் குறிப்பை எழுதி முடித்த நாளிலும் அந்தக் கடிதத்தை எழுத ஒரு தாளும் ஒரு பேனையும் போதுமாயிருந்திருக்கும். அது எழுதப்படாத பன்னிரண்டு ஆண்டுகளிலும் ஒவ்வொரு காலையிலும் கிளைகளின் கதவுகள் திறந்தன. கருமபீடத்தின் பின்னால் ஊழியர் நின்றார்கள். எதிரே வாடிக்கையாளர் வந்து, தாம் கேட்க வந்த ஒன்றைக் கேட்டார்கள்.